மாமாவோடு ஒரு மல்லுக்கட்டு

"பலம் கூட வேணும் தம்பி. ஆனா நிறை கொஞ்சமும் கூடக் கூடாது" என்றான் மயூரதன்.

கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மாடியில் ஜிம் நடத்தும் ஹலீம் அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"இங்க வாறவங்க எல்லாம் கை வீங்கணும், நெஞ்சு வீங்கணும்னுதான் கேப்பாங்க. நீங்க என்ன சேர், களவெடுக்கவா போறீங்க?"

"போடுற சேட்டுக் கை இறுகக் கூடாது. பாக்கிறவைக்கு ஒரு வித்தியாசமும் தெரியக் கூடாது. தெரிஞ்சால் காரியம் கெட்டுப்போம்."

ஹலீமுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "அப்ப பாரத்தக் கூட்டுவோம், தடவையக் குறைப்போம். நடுவுல நல்லா ஆறி எடுக்கணும். சாப்பாடு இப்ப சாப்பிடுற அளவுதான். புரியாணியக் கண்டா கண்ண மூடிக்கங்க. அது சரி, யார மடக்கப் போறீங்க?"

"என்ர மாமாவை. மனிசியின்ர அப்பா. எழுபத்தைஞ்சு வயசு."

ஹலீமின் கையிலிருந்த இரும்புத் தட்டு நழுவி 'டங்' என்று விழுந்தது.

கட்டுகஸ்தோட்டையில் மாமா தம்பிராஜாவைத் தெரியாதவர் இல்லை. ஒரு காலத்தில் பாரம் தூக்கும் போட்டிகளில் கலக்கியவர். இன்றைக்கும் பிறந்தநாள் வந்தால் கேக் பிறகுதான். முதலில் சாப்பாட்டு மேசையில் முழங்கையை ஊன்றி, ஒரே மருமகனின் கையை மடக்க வேண்டும். மயூரதன் கலியாணம் கட்டிய நாளிலிருந்து தோற்றுக்கொண்டே வருகிறான்.

கொஞ்ச நாளிலேயே மனைவி றஜிதாவிடம் மாட்டிக்கொண்டான். குசினிக்குள் அவள் வந்தபோது, ஒற்றைக் கையால் காஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"என்ன, சிலிண்டரோட கொஞ்சலோ?"

உண்மை வெளியே வந்தது. பாதி உண்மைதான்.

"என்ர அப்பாவை வெல்லுறதுக்கு ஜிம்முக்குப் போறியளோ! வயசு போன மனுசனோட! உங்களுக்கு வெக்கமில்லையோ?"

"இந்த வருசம் நான் விடுறதாயில்லை" என்றான் மயூரதன், சிலிண்டரை மறு கைக்கு மாற்றியபடி.

"சரி பாப்பம். நான் அப்பான்ர பக்கம்!"

பிறந்தநாளும் வந்தது. வீடு கொள்ளாத கூட்டம். கதிரைகள் போதாமல் சின்னதுகள் அலுமாரிக்குப் பக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்றாய் ஏறி நின்றன. மாமி இராசமணிதான் நடுவர். கையில் அகப்பை.

மாமா மருமகனின் தோளை அமுக்கிப் பார்த்தார். கையைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"றஜிதா, இவருக்குச் சாப்பாடு ஏதும் போடுறனியோ? போன வருசம் கண்ட அதே முருங்கைக்காய்தான்!"

வீடே சிரித்தது. மேசையில் கைகள் கோர்த்துக்கொண்டன. மாமி அகப்பையால் மேசையில் ஓங்கித் தட்டினாள்.

"அப்பா! அப்பா!" றஜிதாவின் தொண்டைதான் எல்லோருக்கும் மேலே கேட்டது.

மேசை கிறீச்சிட்டது. கேக்கில் நட்டிருந்த மெழுகுதிரி சரிந்தது. மயூரதனின் கழுத்து நரம்பு புடைத்து, நெற்றியில் வியர்வை துளிர்த்தது. நடுவில் அசையாமல் நின்ற கைகள், மெல்ல மெல்ல, அங்குலம் அங்குலமாய்ச் சரிந்தன.

டப்!

விழுந்தது மயூரதனின் கை. சின்னதுகள் விசிலடித்தன. மாமா எழுந்து நின்று இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, "ஆரும் இருக்கிறியளோ இனி?" என்று கர்ஜித்தார். மாமி அகப்பையாலேயே அவருக்குக் கேக் ஊட்டினாள்.

வீடு திரும்பும்போது த்ரீவீலுக்குள் றஜிதாவுக்குச் சிரிப்பு அடங்கவேயில்லை. "அந்தச் சிலிண்டரைத் தூக்கி என்ன கண்டனீங்கள்?"

அந்த நேரம் பார்த்து ஹலீமின் அழைப்பு. அவளே போனைப் பறித்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சேர், மடக்கியாச்சா?"

"தோத்திட்டன் ஹலீம். ஆனா வேலை நல்லாச் சரிவந்தது. பெரிய உதவி."

"என்ன சரிவந்தது? என்ட ஜிம்முட மானம் போச்சே! அந்த மாமாவ நாளைக்கே இங்க அனுப்புங்க. அவர்ட படத்தப் போட்டு வாசல்ல போர்ட் அடிக்கிறேன்!"

றஜிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போனை வைத்தபின் கேட்டாள். "அதென்ன, தோத்தாப் பிறகு சரிவந்தது?"

மயூரதன் வலித்த கையை நீவிக்கொண்டே சொன்னான். "போன வருசம் மாமான்ர கை என்ர கைக்குள்ள நடுங்கினது, றஜி. இப்ப அவர் தேத்தண்ணி அரைக் கோப்பைதான் ஊத்தச் சொல்லுறார். கவனிச்சனீரே?"

அவள் சிரிப்பு நின்றது.

"ஆக்களுக்கு முன்னால அது நடுங்கியிருந்தால் மனுசன் உடைஞ்சு போயிருப்பார். என்ர கை பெருத்திருந்தாலும், நான் விட்டுக்குடுக்கிறன் எண்டு உடன பிடிச்சிருப்பார்."

"அதுக்கு... தோக்கிறதுக்கு ஏன் ஜிம்?"

"வெல்லுறதுக்கு எண்டால் பழைய பலமே போதும். மாமான்ர நடுங்கிற கையை நடுங்காமல் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு மெல்ல மெல்லத் தோக்கிறதுக்குத்தான் எனக்குப் பலம் போதாமல் இருந்தது."