முயலுக்கு ஒரு போர்வை

“பந்தயத்துல ஓடுன முயல் மரத்தடியில படுத்துத் தூங்கிருச்சா? ஆமை மெதுவா வந்து, அதுக்குப் போர்வை போத்திவிட்டுட்டு, சத்தம் போடாம போயிருச்சு. கதை முடிஞ்சுது” என்றாள் வஜிஹா.

மகள் தில்ஷாத் தலையாட்டினாள். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவன் ஷேக் தாவூத் சிரித்துவிட்டான்.

“அப்ப யாரு ஜெயிச்சது?”

“யாருமில்ல.”

“ஆமைதான் ஜெயிக்கும். ஊருக்கே தெரிஞ்ச கதை.”

“ஸ்கூல்லயும் அப்படித்தான் சொன்னாங்க. நான் ஒத்துக்கல. எங்க அத்தா சொன்ன கதை இதுதான்.”

“சரி, இதுல என்ன நீதி?”

“அசந்து தூங்குறவங்கள எழுப்பக் கூடாது.”

தாவூத் வாசல் பக்கம் திரும்பினான். போன மாதம் ரிட்டயர் ஆகி, மூக்கண்டப்பள்ளியிலுள்ள மகள் வீட்டுக்கு வந்திருந்த கௌஸ் மொய்தீன் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, நீங்களா இப்படிச் சொல்லிக் கொடுத்தீங்க?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“நான் எங்க மாப்ள கதைய முடிச்சேன்? எழுபத்தாறுல, கம்பெனி ஆரம்பிச்ச புதுசு. எனக்கு எப்பவும் நைட் ஷிப்ட்தான். காலையில வந்து படுத்தா, கதை சொன்னாத்தான் ஆச்சுன்னு இவ பக்கத்துல உக்காந்துக்குவா. முயல் தூங்குற இடம் வர்றப்ப நானும் தூங்கிருவேன்.”

“அப்ப அந்தப் போர்வை?” என்றாள் வஜிஹா.

“அது எனக்கு எப்படிம்மா தெரியும்? கண்ணு முழிச்சா மேல போர்வை இருக்கும். ஆமை ஸ்கூலுக்குப் போயிருக்கும்.”