லிஃப்டில் போன பொம்மை

தரையில் விரித்த சார்ட்டின் மேல் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. மகள் வரைந்து வெட்டிய காகிதப் பொம்மை, பள்ளி ப்ராஜெக்டுக்காகச் சொந்தக்காரர்களோடு ஊர் சுற்றிவிட்டு வந்திருக்கிறது. போன இடங்களில் பொம்மையோடு எடுத்த படங்களை அவள் எடுத்து நீட்ட, பின்னால் பசை தடவி ஒட்டுவது அப்பாவின் வேலை. ஒரு படத்தில், கப்பலில் வேலை பார்க்கும் மச்சான், பொம்மையை நீலக் கடலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறான். "மாமாகூடப் போனா பொம்மைக்கே ஜாலி, இல்லப்பா?" அவருக்கு உள்ளுக்குள் புகைகிறது. "ம்ம், கொடுத்துவச்ச பொம்மை." "நீ எங்க கூட்டிட்டுப் போன?" அவர் லிஃப்ட் ஆபரேட்டர். "பன்னெண்டாவது மாடிக்கு." "அப்புறம்?" "அப்புறம்... கீழ." மகள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, "ஓ" என்று மட்டும் சொல்கிறாள். லிஃப்ட் கண்ணாடியில் எடுத்த மங்கலான படத்தில், அவருடைய காக்கிச் சட்டைப்பையிலிருந்து பொம்மை எட்டிப் பார்க்கிறது. அதற்குப் பசையை அள்ளி அப்புகிறார். மச்சானுக்கு விரல் நுனியில் ஒரு பொட்டு, அதுவும் நடுவில். சமையலறையிலிருந்து வந்த மனைவி சார்ட்டைத் தூக்கிச் சுவரில் சாய்க்கிறாள். "ஐயோ, மாமா விழுந்துட்டாரு!" மனைவி குனிந்து எடுத்து, படத்தைத் திருப்பிப் பார்க்கிறாள். "எல்லாரும் ஒட்டிட்டு நிக்கிறாங்க, என் தம்பி மட்டும் ஏங்க விழறான்?" "பசை தீந்துபோச்சு," என்கிறார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு. சார்ட்டில், லிஃப்ட் படத்தின் அடியிலிருந்து பிதுங்கிய பசை, எல்லோர் கண்முன்னும் மெல்லக் கீழே இறங்குகிறது.