கடல் பார்த்த காணி

"இயற்கை நம் தாய். அவள் மடியில் கை வைக்கலாகாது!" பதுளைக் கடையின் கல்லாவில் இருந்தபடி முழங்கினார் செல்வநாயகம். மனைவி வடிவம்மா கேட்டதோ, பொத்துவில் கடற்கரையில் வாங்கிப்போட்ட காணியில் ஒரு வீடு.

"மாடி வேணாங்க. ஜன்னலத் திறந்தா கடல் தெரிஞ்சாப் போதும்."

"கரையில கட்டினா ஆமை எங்க முட்டையிடும்?"

"சரி, தள்ளியே கட்டுங்க."

"அங்க தாழங்காடு இருக்கு. அபிவிருத்தின்னு அதை அழிக்கிறதா?"

"அப்ப வீடே வேணாம். ஒரு சாயந்தரம் பாய விரிச்சு, நம்ம மண்ணுல ஒக்காந்துட்டு வருவோம். அதுக்குமா ஆமை கோவிச்சுக்கும்?"

செல்வநாயகம் தராசைத் துடைத்தார்.

அவளுக்குக் கடல் தெரியட்டும் என்று, மறைத்து நின்ற மணல்மேட்டை டோசர் விட்டுத் தள்ளியவர் அவரே. அலையைத் தடுக்க மேடில்லாமல், போன மாரி மழையில் காணி முழுவதும் கடலுக்குள் போய்விட்டது.