ஆட்டுக்குக் குழை

"ஆட்டுக்குக் குழை ஒடிக்க வேப்பமரத்தில் ஏறினேன். கிளை முறிந்து மின்கம்பியில் பட்டுவிட்டது. இதில் யார் மீதும் குற்றம் இல்லை."

மின்வாரிய ஃபோர்மேன் வைகுண்டராஜ் நான் சொன்னதாக எழுதிவந்ததை வாசித்து முடித்தார். தீக்காய வார்டில் பக்கத்துக் கட்டில்காரனும் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

எங்கள் வீட்டில் ஆடு கிடையாது.

"ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தையில ஒண்ணு வாங்கிக் கட்டிட்டேம்லே விமலு," என்றாள் மாரீஸ்வரி அக்கா. "விசாரிக்க வந்தா ஆடு எங்கன்னு கேப்பாவள்ல?"

ஈ ஒன்று என் மூக்கில் உட்கார்ந்தது. அக்கா ஊதி விரட்டினாள்.

அவள் புருஷன் சிவனாண்டி ஜன்னலோரம் நின்றார். ராஜபாளையத்துக்கு மேற்கே தோப்புகளுக்கெல்லாம் அவர்தான் லைன்மேன். எழுத்தில்.

அத்தானுக்கு மூட்டு தேய்ந்து நாலு வருஷமாகிறது. அன்றிலிருந்து கம்பத்தில் ஏறுகிறவன் நான்.

பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். பிறகு மில்லில் நைட் ஷிப்ட். அதையும் விட்டேன். கம்பத்துக்கு மேலே இருந்தால் ஏன் விட்டாய் என்று யாரும் கேட்பதில்லை.

வேலைக்கு முன் அத்தான் சப் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு லைன் கிளியர் வாங்குவார். அவர் பேருக்கு. அங்கே கரண்டை நிறுத்துவார்கள். வாங்கியவரே தன் வாயால் "ஆள் இறங்கியாச்சு" என்று சொல்லாமல் திரும்பக் கொடுக்கமாட்டார்கள்.

நல்ல முறைதான்.

அன்றைக்கு ஒரு தோப்புக்குப் புது போர்வெல் கனெக்ஷன். மூன்று கம்பம் நட்டுக் கம்பியும் இழுத்தாயிற்று. பழைய லைனோடு சேர்த்துக் கட்டுவது மட்டும் பாக்கி. நான் மேலே இருந்தேன். அத்தான் டீக்கடையில் இருந்தார்.

மணி ஒன்றுக்கு சப் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டு, முடிந்ததா என்று கேட்டார்கள்.

ரிஜிஸ்டரில் ஒரே ஆள். அந்த ஆள் தரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருஷப் பழக்கம். ஆள் இறங்கியாச்சு என்று சொல்லிவிட்டார்.

அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் அத்தானுக்கு வேலை போகும். கேஸும் வரும். அக்காவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். நானே அவள் வீட்டில்தான் சாப்பிடுகிறேன். இனிமேலும் அங்கேதான் சாப்பிடவேண்டும்.

சொல்லாவிட்டால் நான் குழை ஒடிக்கப் போனவன். குழை ஒடிக்கப் போனவனுக்கு நஷ்டஈடு யார் தருவார்கள்?

"கேங்மேன் போஸ்ட்டுக்கு ஆள் எடுக்கையில உன் பேருதான் மொதல்ல மாப்ளே," என்றார் அத்தான், ஜன்னலைப் பார்த்தபடியே. "கம்பம் ஏறிக் காட்டணும், அம்புட்டுதான். உனக்கு அதென்ன கஷ்டமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். அக்கா என்னை முறைத்தாள்.

வைகுண்டராஜ் தாளை அட்டையில் செருகி என் நெஞ்சில் வைத்தார். பேனா மூடியைக் கழற்றி நீட்டினார்.

"போடுப்பா. நான் மூணு மணி பஸ்ஸப் பிடிக்கணும்."

பேனா அப்படியே நின்றது.

பிறகுதான் அவர் என் கட்டுகளைப் பார்த்தார். இரண்டு பக்கமும் முழங்கையோடு முடிந்திருந்தன.

மூடியை மாட்டிப் பேனாவைப் பையில் வைத்தார். நர்ஸிடம் போய் மை டப்பா வாங்கிவந்தார்.

அக்கா கால்மாட்டுக்குப் போனாள். போர்வையை விலக்கினாள். முந்தானையில் எச்சில் தொட்டு என் கால் பெருவிரல்கள் இரண்டையும் துடைத்தாள்.

"எந்தக் காலுங்க?" என்று கேட்டாள்.

வைகுண்டராஜுக்கும் தெரியவில்லை. அத்தானைப் பார்த்தார். அத்தான் திரும்பவில்லை.

இடது காலை நானே நீட்டினேன்.