வயலுக்குப் போன நாள்

“இண்டைக்கும் பிழையோ, மாஸ்டர்?”

தேத்தண்ணியை வைத்தபடி கேட்டாள் அன்னபாக்கியம். மகள் மலர் தலைகுனிந்துகொண்டாள்.

புலமைப்பரிசில் சோதனை நெருங்கிவிட்டது. தேறினால் யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கி இலவசமாகப் படிக்கலாம். அதற்காகத்தான் கணவர் யோகநாதன் உருத்திரபுரம் முழுக்க விசாரித்து, இந்த மாஸ்டரை வீட்டுக்கே அழைத்து வந்திருந்தார். பாடம் முடியும்வரை அன்னபாக்கியம் மகளின் பக்கத்திலிருந்து அசையவேமாட்டாள்.

மாஸ்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“குறை நினைக்காதேங்கோ, அக்கா. வாய்க்கால்ல தண்ணி விட்ட அண்டைக்கு நீங்கள் வயலுக்குப் போனனீங்கள். அண்டைக்குப் பிள்ளை ஒரு கணக்கும் பிழைவிடேல்லை. நீங்கள் பக்கத்தில இருந்தால்தான் பிழைவிடுறா. உங்களைக் கண்டு பயப்பிடுறா போல.”

“பயமில்லை மாஸ்டர்,” என்றாள் மலர். “அம்மாதான் பிழையாச் செய்யச் சொன்னவா. அண்டைக்கு மறந்துபோய்ச் சரியாச் செய்துபோட்டன்.”

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். அன்னபாக்கியம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ, மாஸ்டர். மூத்தவனும் இந்தச் சோதனை பாஸ்பண்ணித்தான் விடுதிக்குப் போனவன்.”

“நல்லாப் படிக்கிறான் எண்டுதானே யோகநாதன் அண்ணை சொன்னவர்?”

“ஓம், நல்லாப் படிக்கிறான்.” அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “போன லீவுக்கு வந்தவன். உள்ளுக்கு வராமல் அடுப்படி வாசல்ல நிண்டு, ‘தண்ணி எடுக்கலாமோ’ எண்டு என்னட்டைக் கேட்டான், மாஸ்டர்.”