மூன்று விரல்

எண்ணெயில் எரிந்த பழைய கொதிகலனைக் கழற்றிவிட்டு, வீட்டையும் தண்ணீரையும் மின்சாரத்தில் சூடாக்கும் ஹீட் பம்ப் பூட்ட வந்த வெள்ளைக்காரன், சுடுதண்ணீர்த் தொட்டியின் அளவைக் குறிக்க, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டான். சதானந்தர் மூன்று விரல்களைக் காட்டினார்.

“இஞ்சாருங்கோ, நாங்கள் ரெண்டு பேரெல்லோ?” என்றாள் மனைவி திலகவதி. “ஆர் அந்த மூண்டாவது ஆள்?”

“ஒருத்தருமில்லை. தண்ணி கூடுதலா இருந்தால் குளிக்கமாட்டீரோ?”

“எனக்கு ஒளிக்காதேங்கோ.”

அவர் மாடியேறி, ஒன்பது வருடமாகப் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து, இதற்கும் சூடு வேண்டும் என்று வந்தவனுக்குக் காட்டினார். மகள் நிரோஜினி தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்த அன்று அதைப் பூட்டியவரும், அவள் பெயரை இனி எடுக்கக்கூடாது என்றவரும் அவர்தான்.

“சுவரிலை பூஞ்சணம் பிடிக்குதப்பா, அதுதான்,” என்றார், பின்னால் ஏறிவந்த மனைவியிடம், யன்னலைப் பார்த்தபடி.

வந்தவன் மூன்று என்று எழுதப்போனான். திலகவதி அவன் முன்னால் ஐந்து விரல்களையும் நீட்டினாள்.

சதானந்தர் அந்தக் கையைப் பிடித்து ஒவ்வொன்றாக மடக்கினார். தாங்கள் இருவர், மகள், அவளுடைய புருஷன். சுண்டுவிரல் மடங்காமல் நின்றது.

“இது ஆரப்பா? உமக்கெப்பிடித் தெரியும்?”

திலகவதி யன்னலைப் பார்த்தாள்.