மிதி, பிடி, விடு

டிரம் பிரேக்கைக் கழற்றி டிஸ்க் மாட்டிய பிறகும், அந்தப் பழைய காரின் பிரேக் சேற்றில் கால் வைத்த மாதிரி உள்ளே போனது. நாச்சிமுத்து காலையிலிருந்து காருக்கு அடியில் கிடந்து “மிதி, பிடி, விடு” என்று கத்த, மேலே அவன் மனைவி சாந்தாமணி மிதித்தாள், பிடித்தாள், விட்டாள். பிரேக் ஆயில் குழாயில் சிக்கிய காற்று மட்டும் போகவில்லை. ஸ்பேனரை வீசியெறிந்தபோதுதான் கண்ணில் பட்டது. டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பர்களை இடம் வலம் மாற்றி மாட்டியிருந்தான். காற்று விடும் திருகு கீழே இருக்க, காற்று மேலே பதுங்கியிருந்தது. தன்னையே திட்டிக்கொண்டு சரியாக மாட்டினான். இந்த முறை காற்று குமிழ் குமிழாய் வந்து அடங்கியது. திருகை இறுக்கினான்.

“இன்னொருக்கா மிதி. எப்படி இருக்குது?”

“கல்லாட்டம் நிக்குதுங்க.”

“அப்ப விடு.”

அவள் விடவில்லை. தலையை நீட்டிப் பார்த்தான். போன மாதம் மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனபோது, பக்கத்து சீட்டிலிருந்து வெறும் தரையை மிதித்தவள் அவள். இப்போது, சக்கரமில்லாமல் கட்டைமேல் நிற்கிற காரில் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கியிருந்தாள்.

“விடு புள்ள.”

“நீங்க மொதல்ல வெளிய வாங்க.”